மரத்தைச் சீவும் சங்கிலி

செயின்சாவின் சங்கிலி மரத்தை அறுக்கிறது என்பதைவிடச் சீவுகிறது என்பதுதான் சரி. தச்சரின் இழைப்புளியில் தகடு அடிப்பரப்பைத் தாண்டி எவ்வளவு துருத்துகிறதோ, அந்தக் கனத்துக்குச் சுருள் எழும்பி வரும். சங்கிலியின் ஒவ்வொரு பல்லும் அதே கணக்கில்தான் இயங்குகிறது. பல்லின் முன்புறம் ஒரு சிறு திமில். அதன் பின்னால் வெட்டுமுனை. திமில் மரத்தின்மேல் சறுக்கிக்கொண்டு போக, அதைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் முனை அந்த அளவுக்கு மட்டும் உள்ளே இறங்கிச் செதிலைப் பெயர்த்தெடுக்கிறது. திமிலை அராவித் தாழ்த்திவிட்டால் பல் ஆழமாகக் கடித்துக்கொண்டு இயந்திரத்தையே கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். திமில் உயர்ந்திருந்தால் பல் மரத்தைத் தொடாமலே ஓடும். செயின்சா வாங்கப் போகிறவர்கள் எஞ்சினின் குதிரைத்திறனைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். வேலையின் வேகமும் பெட்ரோல் செலவும் கை நடுக்கமும் விபத்தும் பெரும்பாலும் இந்தச் சிறு இடைவெளியையும் முனையின் கூர்மையையும் பொறுத்தவை.

பற்கள் ஒன்று வலம், ஒன்று இடம் என மாறி மாறி அமைந்திருக்கும். ஒவ்வொரு பல்லின் பக்க விளிம்பு நாரைக் குறுக்காக அறுக்கும். மேல் விளிம்பு அறுபட்ட நாரைக் கிளப்பும். இரண்டு வரிசைப் பற்களும் சேர்ந்து, சங்கிலியைத் தாங்கும் பட்டையான பாரைவிடச் சற்று அகலமான பாதையை வெட்டுவதால்தான் பார் மரத்துக்குள் சிக்காமல் இறங்க முடிகிறது. சங்கிலியின் அடிப்புறத்தில் உள்ள நாக்குகள் பாரின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் ஓடுகின்றன. எஞ்சினுடன் இணைந்த பற்சக்கரம் அந்த நாக்குகளைப் பிடித்து இழுக்கிறது. ஏழு பல் கொண்ட சக்கரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றினால், வழக்கமான மூன்றெட்டாம் அங்குல அளவுச் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம் அது. பதினெட்டு அங்குல பாரில் முப்பதுக்கு மேற்பட்ட பற்கள் உண்டு. மரத்தின் ஒரு புள்ளியை நொடிக்கு ஐந்நூறு பற்களுக்குக் குறையாமல் கடக்கின்றன.

பல் பூட்டிய சங்கிலி முதலில் வெட்டியது மரத்தையல்ல, எலும்பை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எயிட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும், இரு முனையிலும் கைப்பிடி கொண்ட, வளையக்கூடிய சிறு சங்கிலி ரம்பத்தை அறுவை மருத்துவத்தில் பயன்படுத்தினார்கள். சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பைப் பிரிப்பதும், நோயுற்ற மூட்டெலும்பை நீக்குவதும் அதன் வேலை. 1830இல் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் ஹைன உருவாக்கிய எலும்பு வெட்டும் கருவியில் சங்கிலி ஒரு பாரைச் சுற்றி ஓடியது. ஒரு கையால் பிடித்து மறு கையால் சுழற்றவேண்டும். இன்றைய செயின்சாவின் அமைப்பு ஏறத்தாழ முழுமையாக அதிலேயே இருக்கிறது. மரத்துக்கு அது வந்து சேர நூறு ஆண்டுகள் ஆயின. காரணம் எளிது. பெருமரத்தை அறுக்கும் ஆற்றலை, காட்டுக்குள் தூக்கிச் செல்லக்கூடிய எடையில் தரும் எஞ்சின் அதுவரை இல்லை.

1926இல் ஆந்திரேயஸ் ஷ்டீல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் செய்த முதல் சங்கிலி ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. எடை 48 கிலோ. இரண்டு ஆள் பிடிக்கவேண்டும். மறு ஆண்டு எமில் லெர்ப் தம் பெட்ரோல் ரம்பத்தைத் தூரிங்கியாவின் டோல்மார் மலையில் சோதித்தார். அந்த மலையின் பெயரையே பின்னர் நிறுவனத்துக்கும் வைத்துக்கொண்டார். 1929இல் வந்த ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் இயந்திரங்கள் வட அமெரிக்காவுக்கு வருவது நின்றதால் அங்கேயே பலர் தயாரிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ராபர்ட் மக்கலக் செயின்சாவில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1968இல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய் அரிசோனா பாலைநிலத்தில் தாம் உருவாக்கிய நகரத்தில் நிறுத்தினார். பாலம் இன்றும் அங்கே இருக்கிறது. 1950இல் ஒரே ஆள் தூக்கக்கூடிய ஷ்டீலின் 16 கிலோ ரம்பம் வந்தது. 1959இல் 12 கிலோ எடையில் ஆறு குதிரைத்திறன் கிடைத்தது. இன்று 50 சி.சி. எஞ்சின் கொண்ட நடுத்தர செயின்சா, பாரும் சங்கிலியும் நீங்கலாக, ஐந்து கிலோவை ஒட்டி இருக்கிறது.

எடை குறைந்த கதையைவிடச் சுவையானது பல்லின் கதை. தொடக்ககாலச் சங்கிலிகளில் பழைய கைரம்பத்தின் பற்களையே வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். சில பற்கள் நாரைக் கீறும், சில தூளை வாரும். எஞ்சின் வேகத்தில் அவை சீக்கிரமே மழுங்கின. வெவ்வேறு வடிவமுள்ள பற்களைத் தனித்தனியாக அராவுவதிலேயே நிறைய நேரம் கழிந்தது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஓர் அடிமரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். விரல் பருமனுள்ள அந்தப் புழு நாரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. நெடுக்கும் குறுக்குமாக ஒரே சீராக மரத்தைத் தின்றுகொண்டு போனது. அதன் இரு தாடைகளும் வளைந்த கொக்கி வடிவில் இருந்தன. ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் வெட்டின. காக்ஸ் அந்தத் தாடையின் வடிவை எஃகில் செய்து சங்கிலியில் பூட்டினார். 1947இல் போர்ட்லண்டு நகரில் தம் வீட்டின் நிலவறையில் தொடங்கிய தொழிலில் அந்தச் சங்கிலியை விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. தமிழ்நாட்டு மாந்தோப்புகளில் தண்டைத் துளைத்து மரத்தையே சாகடிக்கும் புழுவும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது பழைய ஸ்கூட்டர்களில் இருந்த அதே டூ ஸ்ட்ரோக் வகை. அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. உயவெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. அதனால் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பிடித்தாலும் எஞ்சின் ஓடும். மிதவை வைத்த பழைய கார்புரேட்டருக்குப் பதிலாக, மெல்லிய சவ்வு கொண்ட கார்புரேட்டர் 1950 வாக்கில் வந்த பிறகே இது முழுமையாகக் கைகூடியது. அதுவரை எஞ்சினை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பாரை மட்டும் திருப்பவேண்டியிருந்தது. தரமான டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லி கலப்பது வழக்கம். ஆயில் இல்லாத பெட்ரோலை ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். மெக்கானிக் கடைக்கு வரும் செயின்சாக்களின் பொதுவான சாவு அது. இந்தியாவில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. கலந்து வைத்த எரிபொருளை மாதக்கணக்கில் தொட்டியிலேயே விட்டுவைத்தால் சவ்வும் குழாயும் கெடும்; அடுத்த பருவத்தில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி நிற்கவேண்டும். விசையை அழுத்தி வேகம் கூடினால்தான் கிளட்சின் கட்டைகள் வெளிப்புறம் விரிந்து சங்கிலியைச் சுழற்றத் தொடங்கும். விசையை விட்ட பிறகும் சங்கிலி ஊர்ந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வேலைக்கு எடுத்துப் போகக்கூடாது. பாருக்குத் தனி எண்ணெய் உண்டு. வேகத்தில் தெறித்து விலகாமல் ஒட்டிக்கொள்ளும் பிசுக்கு அதற்கு இருக்கும். வண்டிகளிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் கலந்துள்ள உலோகத்துகள் பம்பையும் பாரையும் தேய்க்கும். தெறிக்கும் ஆயில் தோலிலும் மண்ணிலும் சேரும். மிச்சமாகும் காசு ஒரு பாரின் விலைக்கு ஈடாகாது.

சங்கிலி கூராக இருக்கிறதா என்பதைத் தரையில் விழுவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கூரான பல் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகத் தூளைக் கொட்டும், வெட்டுவாயில் புகையும் கிளம்பும். கூர் சரியாக இருந்தால் இயந்திரம் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். மழுங்கிவிட்டால் வெட்டுபவர் அழுத்தத் தொடங்குவார். அழுத்த அழுத்த பார் சூடேறும், கை நடுக்கம் கூடும், உடல் முன்னே சாயும், கட்டுப்பாடு போகும். ஒரே ஒரு முறை மண்ணிலோ, மரத்தில் புதைந்த ஆணியிலோ பட்டால்கூட முனை போய்விடும். தமிழ்நாட்டுச் சாலையோர வேம்பிலும் புளியிலும் விளம்பரத் தட்டிகளுக்காக அடித்த ஆணிகளுக்குக் கணக்கில்லை. பட்டைக்குள் மூடிப்போன அந்த ஆணிகளை அறுக்கும்போதுதான் தெரியும்.

கூர் தீட்ட உருட்டு அரம் போதும். சங்கிலியின் அளவைப் பொறுத்து 4 முதல் 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரம் வேண்டும். பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, பெரும்பாலும் 30 பாகைச் சாய்வில், ஒரே திசையில் தள்ளவேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அரமும் கெடும், முனையும் கெடும். எல்லாப் பற்களும் ஒரே நீளத்துக்கு வரவேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் நீளமாக இருந்தால் வெட்டு வளைந்துகொண்டே போகும். நான்கைந்து முறை தீட்டிய பிறகு திமிலையும் அளவுத்தகடு வைத்துச் சற்றே தாழ்த்தவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பல் கூராகத்தானே இருக்கிறது, ஏன் இறங்கவில்லை என்று குழம்புகிறார்கள். வேலை முடிந்ததும் சங்கிலியைத் தளர்த்தி வைப்பது நல்லது. சூட்டில் நீண்டிருந்தது குளிரும்போது சுருங்கிப் பாரையும் எஞ்சின் தண்டையும் இறுக்கும்.

மரத்தைச் சாய்ப்பதில் இயந்திரத்தின் பங்கு குறைவு, கணிப்பின் பங்கு அதிகம். கொப்புகள் எந்தப் பக்கம் பாரமாக இருக்கின்றன, அடிமரம் எங்கே சாய்ந்திருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது, உள்ளே பொந்து உண்டா, மேலே முறிந்து தொங்கும் கிளை ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மரம் விழும் திசைக்கு எதிர்ப்புறம், நேர் பின்னால் அல்லாமல் இரு பக்கமும் சாய்வாக, ஓடி விலக வழி ஒழுங்குசெய்துகொள்ளவேண்டும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கலாகாது.

வெட்டு மூன்று. விழவேண்டிய பக்கத்தில், அடிமரத்தின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு, மேலிருந்து சாய்வாக ஒன்றும் கீழே கிடையாக ஒன்றும் வெட்டி ஆப்பு வடிவத் துண்டை எடுத்தால் மரத்துக்கு ஒரு வாய் கிடைக்கும். பிறகு எதிர்ப்புறமிருந்து, அந்த வாயின் தளத்துக்குச் சற்று மேலே, பின்வெட்டு. இதை முழுக்க அறுத்துவிடக்கூடாது. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரம் அறுபடாமல் நிற்கவேண்டும். ஐம்பது சென்டிமீட்டர் மரத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். கதவுக்குக் கீல் போல இந்தப் பட்டைதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு, குறித்த திசையில் மெல்ல மடக்கி இறக்குகிறது. கீலையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் திரும்பலாம். பின்வெட்டில் பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பு அடித்து வைத்தால் மரம் பின்னால் உட்கார்ந்து பாரை நசுக்காது. இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் பல் போகும். முன்பக்கம் கடுமையாகச் சாய்ந்திருக்கும் மரம் இன்னும் ஆபத்தானது. பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே அது நின்ற நிலையில் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி வெட்டுபவரின் தலை உயரத்துக்கு எகிறி அடிக்கும்.

இந்த மூன்று வெட்டுக் கணக்கு வேம்புக்கும் வாகைக்கும் சவுக்குக்கும் பொருந்தும். தென்னைக்கும் பனைக்கும் அப்படியே பொருந்தாது. அகத்தில் வைரமுள்ளதை மரம் என்றும் புறத்தில் வைரமுள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. தாவரவியலும் தென்னையையும் பனையையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமாகவே வைக்கிறது. அவற்றில் நடுவில் சோறு, வெளியே சில அங்குலத்துக்கு இறுகிய நார். நடுப்பகுதிக்கு வலு இல்லாததால் கீல் உறுதியாக நிற்பதில்லை. வெளிநார் பல்லைச் சீக்கிரம் மழுக்குகிறது. ஊருக்குள் வீடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே நிற்கும் தென்னையை அடியில் சாய்ப்பதே கிடையாது. ஏறத் தெரிந்தவர் மேலேறி மட்டைகளையும் குலைகளையும் இறக்கிவிட்டு, தண்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றில் கீழே விடுவார். கீழே கயிற்றைப் பிடிப்பவரின் கவனம் மேலே இருப்பவரின் உயிர்.

செயின்சா தருகிற காயங்களில் மோசமானவை எகிறலால் வருபவை. பாரின் மேல்விளிம்பில் சங்கிலி வெட்டுபவரை விட்டு முன்னோக்கி ஓடுகிறது. நுனியில் வளைந்து கீழே இறங்குகிறது. நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது முட்டினால் அங்கே பல் வெட்டாமல் சிக்கிக்கொள்ளும். முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்த விசை முழுவதும் திரும்பி, பாரை மேலும் பின்னுமாக, வெட்டுபவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் நேராக வீசும். கண் அதைக் கண்டு மூளை கைக்குச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள தடுப்பு இதற்காகத்தான் இருக்கிறது. அது கையைக் காக்கும் தகடு மட்டுமல்ல, பிரேக்கின் நெம்புகோலும் அதுவே. இயந்திரம் எகிறும்போது இடக்கையின் மணிக்கட்டு அதைத் தள்ளும், அல்லது எகிறலின் அதிர்ச்சியிலேயே அது தானாக மடங்கும். சங்கிலி கண நேரத்தில் நிற்கும். 1970களின் தொடக்கத்தில் இந்த பிரேக் பரவலானது. தடுப்பு உடைந்த, அல்லது இடைஞ்சல் என்று கழற்றிப் போட்ட இயந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது கொடுமை. முன்கைப்பிடியைக் கட்டைவிரலும் சுற்றி வரும்படி பிடிக்கவேண்டும், தோள் உயரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, ஒற்றைக் கையால் இயக்கவே கூடாது என்ற விதிகளெல்லாம் எகிறலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 36,000 பேர் செயின்சா காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள். காயம் அதிகம் படும் இடங்கள் கைகளும் கால்களும், குறிப்பாக இடக்கால். இதற்கென உள்ள கால்சட்டையின் உள்ளே நீண்ட, தளர்வான செயற்கை நார்கள் பல அடுக்கு இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்த நார்கள் வெளியே இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றி இயந்திரத்தை நிறுத்திவிடும். நம் ஊர் வெயிலில் அதை அணிவது எளிதல்ல என்பது உண்மை. ஆனாலும் லுங்கியும் ரப்பர் செருப்புமாக வேலை நடப்பதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. வேலைக்கு ஆளை அமர்த்துபவர் அந்தச் செலவைக் கூலிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடனே தெரியாத காயமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கும் கைகளில் விரல் நுனிகளின் நுண்ணிய இரத்தக்குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும். பிறகு சட்டைப் பொத்தான் போடவும் சிரமமாகும். 1960களில் ஜப்பான், பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகளின் காட்டுத் தொழிலாளரிடையே இது பெருமளவில் வெளிப்பட்டது. ஜப்பான் ஒரு தொழிலாளி ஒரு நாளில் செயின்சா பிடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகக் கட்டுப்படுத்தியது. எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ரப்பரோ சுருள்வில்லோ வைக்கும் ஏற்பாடு அந்தக் காலத்தில் பரவியது. மழுங்கிய சங்கிலி அந்த ஏற்பாட்டின் பலனைப் பெருமளவு வீணாக்கிவிடும். சத்தம் 110 டெசிபலை எட்டுவதால் காதுக்குக் கவசமும், தெறிக்கும் செதிலுக்குக் கண் மறைப்பும் வேண்டும்.

புயலுக்குப் பின் நடக்கும் வேலை தனி வகை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் சாலைகளில் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா, தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. நிற்கும் மரத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்று ஊகிக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மரங்களில் ஒவ்வொன்றும் வளைந்து முறுக்கேறியிருக்கும். வளைந்த தண்டின் ஒரு பக்கத்து நார் இழுபட்டும் மறுபக்கத்து நார் நசுங்கியும் இருக்கும். இழுபட்ட பக்கத்தை முதலில் ஆழமாக வெட்டினால் தண்டு வெடித்துச் சிதறும். நசுங்கிய பக்கத்தை ஆழமாக வெட்டினால் பார் சிக்கும். நசுங்கிய பக்கத்தில் சிறிதளவு வெட்டிவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பதே முறை. வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு பொறி உண்டு. தண்டை வெட்டி எடுத்ததும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்க்கட்டி சட்டென்று பழையபடி குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் ஆள் நின்றால் புதைந்துபோவார். கஜாவுக்குப் பின் தென்னந்தோப்புகளில் அவசரம் இன்னொரு காரணத்தாலும் இருந்தது. மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நின்ற மரங்களின் குருத்தைத் தாக்கும்.

வெட்டிய மரம் விறகாகும் வழியில் செயின்சாவின் வேலை குறுக்கே துண்டு போடுவதோடு முடிகிறது. நாரோட்டத்தின் வழியே பிளப்பதற்குப் பல் தேவையில்லை, ஆப்பு போதும். கோடரியும் சம்மட்டியும் செய்ததை இன்று ஹைட்ராலிக் பிளப்பான் செய்கிறது. சிறு பம்பு எண்ணெயை அழுத்திப் பெரிய பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் கட்டையை இரும்பு ஆப்பின்மீது நெருக்கும். வீட்டு அளவிலான மின் இயந்திரத்தில் ஐந்து டன் விசை, டிராக்டரில் பூட்டுவதில் இருபது டன்னுக்கும் மேல். நேர் நாருள்ள மரம் எளிதில் பிளக்கும். கணு நிறைந்த கருவேலம் தகராறு செய்யும். புளியின் நார் பின்னிப் பிணைந்தது. இறைச்சிக் கடைகளில் வெட்டுக்கட்டையாகப் புளிய மரம் இருப்பதற்குக் காரணமும் அதுவே. இந்த இயந்திரங்களில் விசையை இரு கைகளாலும் பிடித்தால்தான் பிஸ்டன் நகரும்படி அமைத்திருப்பார்கள். ஒரு கை கட்டையைப் பிடித்திருக்கும்போது விரல் நடுவில் மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. அதைக் கயிறு கட்டி மடக்கி வைத்து ஓட்டுவது விரலைப் பந்தயம் வைப்பது.

பிளப்பதன் பயன் அடுப்பில் அடுக்க வசதி மட்டுமல்ல. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கலாம். ஒரு டன் அத்தகைய விறகு, ஈரம் 20 சதவீதமாகக் குறையும்வரை காய்ந்தால் 625 கிலோதான் நிற்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோகலோரி வீணாகிறது. மிச்ச வெப்பம்தான் சோற்றுக்கு. பட்டை ஈரத்தை வெளியே விடாது என்பதால் பிளந்து பட்டையைத் திறந்த விறகு விரைவில் காயும். விறகு எடைக்கு விற்கப்படும் ஊரில் பச்சையாக வாங்குபவர் நீருக்கும் காசு கொடுக்கிறார். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக் கருவேலம் கரிமூட்டத்துக்குப் போகிறது. சவுக்கும் தைலமும் காகித ஆலைக்குப் போகின்றன. விறகுக்கும் உதவாத கொப்புகளையும் இலைகளையும் சுழலும் கத்தி கொண்ட துண்டாக்கும் இயந்திரம் சிறு சில்லுகளாக்கி மூடாக்குக்கு அனுப்புகிறது. அதன் வாய்க்குள் கையால் எதையும் தள்ளக்கூடாது என்ற ஒரு விதியைப் படித்தால் போதும். ஸ்வீடன், பின்லாந்து காடுகளில் மரத்தைச் சாய்த்துத் துண்டு போடும் வேலைகள் எல்லாம் ஒரே வண்டியின் கையில் முடிகின்றன. அது மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, அளவுக்கு வெட்டிப் போடுகிறது. அதற்குள்ளும் ஒரு சிறு பாரும் சங்கிலியும்தான் இருக்கின்றன.

சட்டம் இந்த இயந்திரத்தைப் பல நாடுகளில் ஆயுதம் போலவே நடத்துகிறது. பிலிப்பைன்ஸ் 2002இல் செயின்சாவுக்கென்றே சட்டம் இயற்றி, வைத்திருப்பதற்கே பதிவைக் கட்டாயமாக்கியது. இலங்கையிலும் பதிவு முறை இருக்கிறது. கானா 1998இல் செயின்சாவைக் கொண்டு விற்பனைக்குப் பலகை அறுப்பதைத் தடைசெய்தது. காட்டுக்குள்ளேயே மரத்தைப் பலகையாக்கித் தோளில் தூக்கிச் செல்ல முடிந்ததால் திருட்டு மரத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. ஒவ்வொரு அறுப்பிலும் செயின்சா எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தைத் தூளாக்கி வீணாக்கவும் செய்தது. மரவாடிகளின் பட்டை ரம்பம் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தின்னும். பிரேசிலில் எதிர்ப்பு மக்களிடமிருந்து வந்தது. சிக்கோ மென்டஸ் முதலான ரப்பர்த் தொழிலாளர்கள் செயின்சாக் குழுக்களின் முன்னால் திரளாக நின்று அமேசான் காட்டை மறித்தார்கள். மென்டஸ் 1988 டிசம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் கட்டுப்பாடு இயந்திரத்தின்மீது அல்ல, மரத்தின்மீது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டமும், வெட்டிய மரத்தைக் கொண்டுசெல்ல 1968ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது.

எஞ்சினின் இடத்தை இப்போது பேட்டரி மெல்லப் பிடித்துவருகிறது. சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் கொண்ட புதிய தோட்டக் கருவிகளின் விற்பனையை 2024 மாதிரியிலிருந்து நிறுத்தும் வழியில் கலிஃபோர்னியா இறங்கியது. லித்தியம் பேட்டரி செயின்சாவில் கலவை இல்லை, புகை இல்லை, கயிறு இழுக்கவேண்டியதில்லை. அதிர்வும் சத்தமும் குறைவு. கிளை கழிக்கவும் வீட்டுத்தோட்டத்துக்கும் அது போதும். நாள் முழுக்க அடிமரம் அறுப்பவருக்கு இன்னும் பெட்ரோல்தான். சங்கிலி மட்டும் மாறவில்லை. அதே கொக்கிப் பல், அதே திமில், அதே அரம். புதிதாகச் சேர்ந்த ஆபத்து ஒன்று உண்டு. பெட்ரோல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் சத்தமே எச்சரிக்கும். பேட்டரி இயந்திரம் அமைதியாகக் கிடக்கும், விரல் பட்டால் அடுத்த கணம் சங்கிலி முழு வேகத்தில் ஓடும். அதனால் அரத்தைக் கையில் எடுக்குமுன் பேட்டரியைக் கழற்றி எட்ட வைக்கவேண்டும்.